சாத்துன்னா என்ன அர்த்தம்?

பாத்துங்க, பாத்துங்க. அந்தக் கை மேல இடிச்சுப்போடாதீங்க. ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க, எனக்கு இந்தக் கையை இப்படி பஸ்ஸுல நடக்கற வழிப் பக்கம் நீட்டி வெச்சாத்தான் தோது. எலும்பு ரெண்டு எடத்துல போயிருச்சுங்க. அதுபோகக் கண்ணாடி கிழிச்சுத் தையலு வேற. மாவுக்கட்டுப் போட்ட டாக்டரு, ஆக்சிடெண்டான்னு கேட்டாரு. ஆமாங்கன்னுட்டேன். பெத்த பையனைக் கண்டிக்கப் போயி ஒடஞ்ச கைன்னு சொன்னா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?

நீங்க எங்க, தஞ்சாவூருங்களா? சொந்த ஊரே அதுதானா? நல்லதாப் போச்சு போங்க. நானும் அங்கதான் போறேன். இந்தப் பக்கம் நான் வந்ததே இல்லைங்க. கோயமுத்தூர விட்டா திருப்பூரு, தாராபுரம், அவ்வளவுதான் நம்ம ஒலகம். என்ற பையன் வீரக்குமாரு அங்க இருக்கறான். இன்னிக்கு அவனைக் கூட்டிட்டுத்தான் வீடு திரும்பறது. வர்றேன்னாலும் சரி, வரமாட்டேன்னாலும் சரி, கூட்டிட்டுத்தான்.

நான் பி.டி. வாத்தியாருங்க. சென்னியப்பன் வாத்தியாருன்னா எங்கூர்ப் பக்கம் இப்பவும் பசங்க எந்திரிச்சு நிப்பாங்க. கொழந்தை குட்டி பெத்தவனெல்லாம் எந்திரிச்சு நிக்கறானுங்க. என்ற விசில் சத்தம் கேட்டா பள்ளிக்கூடம் மட்டுமில்ல, எதுத்தாப்புல டீக்கடையே கப்சிப்புன்னு ஆயிரும். ஒருத்தனையும் நான் குச்சியெடுத்து அடிச்சதில்லை, அதைச் சொல்லிப்போடறேன். கைதான். குச்சியில அடிச்சா அவனுக்கு மட்டுந்தான் வலிக்கும். கையில அடிச்சா நமக்கும் சேத்து வலிக்குது பாருங்க. அதுக்குப் பேரு அடியில்லைங்க, பாசம்.

பெத்தவங்களே வந்து சொல்லுவாங்க. "நல்லாச் சாத்துங்க சார், கண்ணு ரெண்டை மட்டும் விட்டுருங்க"ன்னு. நான் கண்ணைத் தொட்டதேயில்லை. ஒத்துக்கிட்டாச்சுன்னா ஒத்துக்கிட்டதுதான்.

கடைசியில ஒரு பொடியன். லைன்ல நிக்கச் சொன்னா சிரிச்சுட்டே நிக்கறான். ஒண்ணு வெச்சேன். காதுல ரத்தம் வந்துருச்சுன்னு அவங்கப்பன் வந்து கத்து கத்துன்னு கத்தி, ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு, சார், நீங்களா எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்க, அதான் மரியாதைன்னாரு. அந்தப் பையன் காதுல ஏற்கனவே சீழு இருந்துருக்கும். அதை யாராச்சும் கேட்டாங்களா? கேக்கலையே.

அப்பறந்தான் இந்த ம்யூசியம் வேலை. எங்க பக்கம் ஒரு மில்லுக்காரக் குடும்பம், செலை, படம்னு சேத்து வெச்சு, பெருசா ஒண்ணு கட்டி விட்டுருக்காங்க. அங்க வருஷா வருஷம் காலேஜுப் பசங்க வருவாங்க. இன்டர்ன்ஷிப்புன்னு பேரு. மூணு மாசம் கூட இருந்து வேலை பழகிக்கறது. படத்தை எப்படித் தூக்கறது, எப்படித் தொடைக்கறது, பாக்க வர்றவங்களுக்கு என்ன சொல்றதுன்னு. நல்ல வாய்ப்புங்க அது, சும்மா சொல்லக் கூடாது. அந்தப் பசங்களைக் கட்டி மேய்க்க ஒரு ஆளு வேணும்னாங்க. நம்மளை விட்டா யாரு?

மேலாளு வசுந்தரா மேடம். மெட்ராஸ்காரங்க. கண்ணாடியும் காட்டன் சேலையுமா, பூனையாட்டச் சத்தமில்லாம நடப்பாங்க. மொத வாரமே ஒரு பையன் செலை வெச்சிருந்த மேடையில சாஞ்சு நின்னுட்டுப் போன் நோண்டிட்டிருந்தான். பொடனியில ஒண்ணு போட்டேன். போனு அக்கட்டால போயி விழுந்துச்சு. மேடம் கூப்பிட்டு, "சார், இங்க யாரையும் அடிக்கக் கூடாது"ன்னாங்க. "அடிக்கலீங்க மேடம், தட்டுனேன்"னு சொன்னேன். "தட்டவும் கூடாது"ன்னாங்க. அந்தச் செலைக்கு ஒண்ணு ஆயிருந்தா? அதை மட்டும் பேச மாட்டாங்க.

அங்க ஒரு படம் இருக்குதுங்க. ஆளு ஒசரத்துக்கு மேல. கண்ணாடி போட்டு, தேக்கு சட்டம். குதிரை மேல ஒருத்தன் வாளை ஓங்கிட்டிருக்கான், கீழ ஒருத்தன் தலையில்லாமக் கெடக்கறான், தலை தனியா உருண்டு கெடக்குது. ரத்தம்னா ரத்தம், அத்தனை ரத்தம். அதைப் பாக்க எங்கெங்கிருந்தோ வர்றாங்க. வாயைப் பொளந்துட்டு நிக்கறாங்க. ஆகா, என்ன கலருங்கறாங்க. நான் ஒரு அறை விட்டா மட்டும் காட்டுமிராண்டியாம். ஏனுங்க, நாயமா இது?

சரி, பையன் கதைக்கு வர்றேன்.

வீரக்குமாரு எனக்கு ஒத்தைக்கு ஒரு பையன். வெள்ளகோயில் வீரக்குமார சாமிகிட்ட வேண்டிப் பொறந்தவன். கபடியில விடலாம்னு பாத்தனுங்க. அவன் கபடி ஆட மாட்டான், கபடி ஆடறவனை உக்காந்து வரைவான். நோட்டைக் கிழிச்சேன். சொவத்துல வரைஞ்சான். சொவத்தைக் கிழிக்க முடியுமா? அவனைத்தான் கிழிச்சேன். அதுக்கும் அழுக மாட்டான். அழுத்தக்காரன். அழுதா நான் விட்டுருவேன்னு அவனுக்கே தெரியும், இருந்தாலும் அழுக மாட்டான்.

ஒரே ஒரு கொறை, எடது காது சித்தெ மந்தம். அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டாத் திரும்ப மாட்டான். சின்னதுல நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல எப்படியோ வந்துருச்சு. எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் இல்லைங்க, அவங்கம்மா வழியில இருக்கும்.

அடம் புடிச்சு ஓவியக் காலேஜுல சேந்தான். சரி, ஒழிஞ்சு போவுதுன்னு இந்த வருஷம் நானே எங்க ம்யூசியத்துல இன்டர்ன்ஷிப்பு வாங்கிக் குடுத்தேன். மேடம், அவன் வரைஞ்சதைப் பாத்துத்தான் எடுத்தேன்னாங்க. பாத்துருப்பாங்க, இல்லேங்கல. ஆனா நான் அங்க இருக்கறதுனாலதானுங்க அது.

இந்த வருஷம் ரெண்டே பேரு. இவனும் மோனிஷான்னு ஒரு அம்மிணியும். மூணு மாசம் முடிஞ்சா ரெண்டு பேர்ல ஒருத்தரை அங்கயே நெரந்தரமா வெச்சுக்குவோம்னு மேடம் சொல்லியிருந்தாங்க. எனக்கு அதுதானுங்க ஒறக்கம் வராத ரோசனை. அது அவனுக்குக் கெடைக்கோணும். கெடைச்சா, அப்பன் சிபாரிசுன்னு ஒரு நாக்கும் பேசக் கூடாது. அதுக்கு என்ன வழி? மத்தவங்களுக்கு ஒண்ணுன்னா என்ற பையனுக்கு ரெண்டு. மோனிஷா லேட்டா வந்தா நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன், பொம்பளப்புள்ள. இவன் லேட்டா வந்தா வாசல்லயே, எல்லாரும் பாக்க, பளார். கையுறை போடாமப் படத்தைத் தொட்டானா, பளார். தொடலைன்னாலும் ஒரு நாளைக்கு ஒண்ணு வெச்சுருவேன். பாக்கறவங்களுக்கு நம்ம நேர்மை தெரியோணுமில்ல?

மேடம் ரூமுக்குக் கூப்பிட்டு எத்தனையோ சொன்னாங்க. அவிங்களுக்குப் பசங்க கெடையாது. என்னத்தச் சொல்றது.

அப்ப ஒரு நாள் ஸ்கூல் புள்ளைங்க வந்துருந்துச்சுங்க. பொடுசுங்க. இவன் அதுகளைச் சுத்தி உக்கார வெச்சு ஒரு நந்தி செலையைக் காட்டிக் கதை சொல்லிட்டிருந்தான். அதுல ஒரு வாண்டு எந்திரிச்சுப் போயி நந்தி மூக்கைத் தொட்டுருச்சு. போர்டு வெச்சிருக்குது, தொடாதேன்னு. நான் போனேன். கையை ஓங்கிட்டேன். ஓங்கின கை அப்படியே நிக்குதுங்க! என்னடான்னு பாத்தா, என்ற பையன் புடிச்சுட்டிருக்கான். பெத்த அப்பன் கையை. அத்தனை புள்ளைங்களுக்கும் முன்னாடி.

"வேண்டாம்ப்பா. குழந்தைப்பா."

ரெண்டே வார்த்தை. மெதுவாத்தான் சொன்னான். ஆனா புடி இருக்குது பாருங்க, இரும்புப் புடி. எனக்கு ஒடம்பெல்லாம் நெருப்பா எரிஞ்சுச்சு. ஊரையே கிடுகிடுன்னு நடுங்க வெச்சவன் நான். சிரிச்சுச் சமாளிச்சுட்டேன். வீட்டுக்கு வரட்டும்னு இருந்துட்டேன்.

வீட்ல அன்னிக்கு பெல்ட்டுங்க. கையில வாங்கற கட்டத்தைத் தாண்டிட்டான். ஆமா, குச்சி தொட மாட்டேன்னு சொன்னேன், சொன்னதுதான். பெல்ட்டு குச்சியில்லையே. அவங்கம்மா பாவாத்தா குறுக்க வந்து விழுந்தா. அவளுக்கும் பட்டுச்சு. பட்டதுங்க, நான் அடிக்கல. அவன் சொவத்தோட ஒட்டிட்டு, மூஞ்சியை மட்டும் மறைச்சுட்டு நின்னான். முடிச்சதுக்கப்பறம் நானே போயித் தேங்கா எண்ணெய் தடவி விட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. அவனுக்கில்ல, எனக்கு. அதையெல்லாம் யாரு பாக்கறா?

உங்களுக்குப் பசங்க இருக்காங்களா? ரெண்டு பையனா? அப்ப உங்களுக்குத் தெரியும். ஏன் அப்படிப் பாக்கறீங்க? சரி சரி, முழுசாக் கேளுங்க.

அதுக்கு அடுத்த வாரந்தான் இந்தக் கை. அந்தக் குதிரைப் படம் சொன்னேனில்ல, அதைக் கழட்டி வேற சொவத்துல மாட்டறதாப் பேச்சு. ஒரு பக்கம் வீரக்குமாரு, மறுபக்கம் மோனிஷாவும் எலெக்ட்ரீசியனும். கயித்துல எறக்கிட்டாங்க. ஆளு கனம்னா ஆளு கனம். தூக்கிட்டுப் போறப்ப பாதி வழியில எலெக்ட்ரீசியன் கால் இடறி ஒக்காந்துட்டான். மோனிஷா புடி நழுவுது. மொத்தக் கனமும் என்ற பையன் கையில. மேடம் அவனுக்கு எடது பக்கம் நின்னுட்டு, "வீரா, சாத்து! சாத்து!"ன்னு கத்தறாங்க. எடது காதுல்ல, இவனுக்கு எங்க கேக்கும்? மரமாட்ட நிக்கறான். மேடம் என் பக்கம் திரும்பி, "சார், நீங்க சாத்துங்க சார், சீக்கிரம்!"ங்கறாங்க.

இப்ப நீங்க சொல்லுங்க. தமிழ் தெரிஞ்சவருதானே நீங்க. சாத்துன்னா என்ன அர்த்தம்?

அதேதான். அதைத்தான் நானும் செஞ்சேன்.

எத்தனை நாளு எனக்குத் தட்டாதே, தொடாதேன்னு வெலங்கு போட்டவங்க, அவங்க வாயாலயே சாத்துங்கன்னு சொல்றாங்க. கடைசியில இவங்களுக்கும் புத்தி வந்துருச்சுன்னு எனக்கு ஒரு சந்தோசங்க, மறைக்காமச் சொல்றேன். ஓடிப் போயி விட்டேன் பாருங்க ஒண்ணு. அவன் போட்டிருந்த மூக்குக் கண்ணாடி தெறிச்சுப் போயிருச்சு. கையை எடுக்கலீங்க அவன். சட்டத்தை ரெண்டு கையிலயும் கட்டிப் புடிச்சுட்டே நிக்கறான். தடுக்கல, குனியல. இன்னொண்ணு. மூக்குல ரத்தம். அந்தப் படத்துக் கண்ணாடி மேலயே சொட்டுது.

"அப்பா, படம்ப்பா. சாத்தணும்ப்பா"ங்கறான்.

"ஆமாண்டா, சாத்தோணுந்தான்"னு நான் மூணாவது விட்டேன்.

மோனிஷா அலறுது. மேடம் "ஐயோ, நிறுத்துங்க"ங்கறாங்க. சொன்னவங்களே நிறுத்துங்கறாங்களேன்னு எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா ஆரம்பிச்சுட்டாக் கை நிக்காதுங்க நமக்கு. அது பழக்கதோசம். எத்தனையாவதுன்னு தெரியல, நான் கையை ஓங்கறப்ப அவன் திரும்பி என்னையப் பாத்தான். அந்தப் பார்வை என்னமோ மாதிரி இருந்துச்சுங்க. கோவமில்ல. பயமுமில்ல. பஸ் ஜன்னல்ல இருந்து தெரியாத ஊரைப் பாப்போமில்ல, அப்படிப் பாத்தான். அப்பறம் பக்கத்துல நின்ன மோனிஷாவைத் தோளால ஒரு தள்ளுத் தள்ளி அக்கட்டால விட்டான். அவனும் ஒரு எட்டுப் பின்னால வெச்சான்.

கையை விட்டுட்டான்.

சட்டம் நேரா என் மேல வந்துச்சு. கையை நீட்டித் தடுத்தேன், செலை மேடைக்கும் சட்டத்துக்கும் நடுவுல கை மாட்டி, கரும்பு முறியற மாதிரி ஒரு சத்தம். கண்ணாடி மழையாட்டக் கொட்டுச்சு. குதிரைக்காரன் கிழிஞ்சு போயிட்டான். தரையெல்லாம் ரத்தம், எது படத்து ரத்தம், எது என்ற ரத்தம்னே தெரியல. மேடம் மொதல்ல யாருகிட்ட ஓடுனாங்கன்னு நெனைக்கறீங்க? எலும்பு ஒடஞ்சவன் கீழ கெடக்கறேன், மூக்குல ரத்தம் வந்தவன்கிட்ட ஓடுறாங்க!

வேணும்னு விட்டானான்னு கேக்கறீங்களா? சேச்சே. கை வழுக்கிருச்சுங்க. ரத்தம், வேர்வை, வழுக்காம என்ன செய்யும்? போலீஸ்காரர் கேட்டப்ப மேடமே அப்படித்தான் சொன்னாங்க. வழுக்கிருச்சுன்னு.

ஆஸ்பத்திரிக்கு வந்து மேடம் எனக்குத் தமிழ்ப் பாடம் எடுக்கறாங்க. "சாத்துங்கன்னா, படத்தைச் சுவத்துல சாத்துங்கன்னு சொன்னேன் சார்"ங்கறாங்க. ஏணியைச் சாத்துன்னு நானுந்தான் சொல்லுவேன், தெரியாமயா இருக்கறேன்? ஆனாப் படம் என்ன ஏணியா? பையன் பேரைச் சொல்லிட்டு, வாத்தியாரைப் பாத்து, சாத்துங்க சார்னா அவன் என்னன்னு எடுத்துக்குவான்? "இனிமே நீங்க வர வேண்டாம் சார்"னு வேற சொல்லிட்டுப் போனாங்க. கை கூடற வரைக்கும் ஓய்வெடுக்கட்டும்னு சொல்றாங்களாட்ட இருக்குது. நல்லவங்கதான். கொஞ்சம் வாய்தான்.

பையன் அன்னிக்கு வீட்டுக்கு வரலீங்க. அடுத்த நாளும் வரல. எனக்குச் சோறு எறங்கல. தட்டு வெச்சா அவன் உக்கார்ற எடந்தான் கண்ணுல படுது. பாவாத்தாகிட்டக் கேட்டேன், எங்கடின்னு. தெரியாதுங்கறா. ஆனா மொகத்துல ஒரு தெளிவு. பையனைக் காணாத தாயி மொகமா அது? தனியாப் போயிப் போன் பேசறா. கேக்கற விதத்துல கேட்டேன். எடது கைதான் இருக்குது, இருந்தாலும் கேட்டேன். வாயே தெறக்கல, அப்படி ஒரு பொம்பளை. கடைசியில தெறந்தா. அவளுக்கு ஒரு பல்லு ஏற்கனவே ஆடிட்டுத்தான் இருந்துச்சுங்க.

தஞ்சாவூர்ல மேடத்தோட சிநேகிதி ஒருத்தங்க புதுசா ஒரு கலைக்கூடம் நடத்தறாங்களாமா. அங்க இவனுக்கு இன்டர்ன்ஷிப்பு, தங்க எடம், எல்லாம் மேடமே ஏற்பாடு. எனக்குத் தெரியக் கூடாதுன்னு மூணு பொம்பளைங்க சேந்து. பாத்தீங்களா?

அவனுக்குப் புடிச்ச தேங்கா பன்னு வாங்கியிருக்கறேன், பையில இருக்குது. மொதல்ல அதைக் குடுப்பேன். திங்கட்டும். அப்பறம் அங்க இருக்கறவங்க எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வெச்சு, ஒண்ணே ஒண்ணு. எடது கைதான். இவன் அநாதையில்ல, கேக்க அப்பன் இருக்கறான்னு அவங்களுக்குத் தெரியோணும். அதோட விட்டுருவேன். வீட்டுக்குப் போனப்பறம் மத்தது. திரும்ப மேடம் கால்ல விழ வெச்சு அந்த வேலையை வாங்கிக் குடுத்துப்போட்டா என்ற கடமை முடிஞ்சுது.

எடம் எதுன்னா கேக்கறீங்க? கலைக்கூடம் நடத்தற அந்தம்மா நம்பரு இருக்குதுங்க, பாவாத்தா போன்ல இருந்து எடுத்தது. நான் கூப்பிட்டா எடுக்க மாட்டாங்க. நீங்க வேணாக் கேட்டுப் பாக்கறீங்களா? இந்தாங்க. மெசேஜா? ஆமா, பஸ்ஸு சத்தத்துல அதுதான் சரி. என்ற பேரைப் போட்டுறாதீங்க. பையன் பேரா? வீரக்குமாரு, அதைப் போடுங்க. என்னங்க, அத்தனை நீளமாத் தட்டறீங்க? வழி கேக்கறதுக்கு எதுக்கு இத்தனை?

பதில் வந்துருச்சா! என்னங்கறாங்க?

செங்கிப்பட்டியா? தஞ்சாவூர் ஊருக்குள்ள இல்லைங்களா? பாவாத்தா தஞ்சாவூருன்னுதானே சொன்னா. ஓ, அதையும் தஞ்சாவூருன்னுதான் சொல்லுவாங்களா? இருக்கும், இருக்கும். நீங்களும் அங்கதான் எறங்கறீங்களா? கூட வந்து காட்டறீங்களா? பெரிய மனசுங்க உங்களுக்கு. பசங்களைப் பெத்தவருக்குத்தான் பெத்தவன் வலி தெரியும்.

கண்டக்டர்! செங்கிப்பட்டி ஒண்ணு நிறுத்தப்பா. ஆமா, தஞ்சாவூருக்குத்தான் டிக்கெட்டு. எனக்கு இங்க கலைக்கூடத்துக்குப் போகோணும், உனக்கென்ன? கலைக்கூடம் எதுவும் இங்க இல்லையா? நீ டிக்கெட்டு கிழிக்கற ஆளு, உனக்கென்னய்யா தெரியும் கலையைப் பத்தி? ஊர்க்காரரே சொல்றாரு, நீ பெருசா வந்துட்ட! கை மட்டும் நல்லா இருந்துச்சுன்னா இந்நேரம்... சரி, விடு. நிறுத்து.

அந்தப் பையைச் சித்தெ எடுத்துக் குடுங்க. பன்னு நசுங்கிறப் போவுது. நான் மொதல்ல எறங்கிக்கறேன், இந்தக் கையோட மெதுவாத்தான் எறங்கோணும். நீங்க பின்னாலயே வாங்க.

அப்பாடா. என்னங்க இது, ரோடும் பொட்டலுமாவே இருக்குது. எந்தப் பக்கம் போகோணும்?

ஏனுங்க, பஸ்ஸு கெளம்புதுங்க. நீங்க எறங்கலீங்களா?